என் கையில் மட்டும் வேலை செய்த போன்

போன் திருத்தும் வகுப்புக்கு வந்து உங்களோடு ஒரு மணித்தியாலம் கதைக்கும்படி கேட்டிருந்தீர்கள். ஓம் என்று சொல்லிவிட்டு மூன்று நாளாக எனக்கு நித்திரை இல்லை. நாலு பேருக்கு முன்னால் எழும்பி நின்றால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் சத்தமாக வாசிக்கக்கூடிய ஒருவர் வாசியுங்கள். நான் கடைசி வரிசை வாங்கில் இருந்து கேட்கிறேன். இடையில் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நான் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். கிளிநொச்சிப் பக்கத்தில் பதினொரு வருடம் போன் திருத்தினேன். ஸ்குரூ எது, எறும்பு எது என்று கண் மாறிப் பார்க்கத் தொடங்கியபோது நிறுத்திவிட்டேன். கடை போட்டதில்லை. வீடு வீடாகப் போய்த்தான் செய்தேன். பெண்கள் போனைக் கடையில் விட்டுவிட்டு வர விரும்புவதில்லை. உள்ளே பிள்ளைகளின் படங்கள் இருக்கும், சொந்தக்காரரைப் பற்றிச் சொந்தக்காரருக்கே அனுப்பிய குரல் செய்திகள் இருக்கும். "கண்ணுக்கு முன்னால திருத்தித் தாங்கோ" என்பார்கள். எனக்கும் கடையில் இருந்து வருகிற போகிறவர்களைக் கூப்பிட வெட்கம். இரண்டு பக்கத்துக்கும் தோதாக இருந்தது.

உடைந்த டிஸ்பிளேயை எப்படி மாற்றுவது என்று நான் எழுதப்போவதில்லை. அதை உங்களுக்கு இங்கே வடிவாகச் சொல்லித் தருகிறார்கள். போனைத் திறக்க ஒரு மாதத்தில் பழகலாம். அடுத்தவர் வீட்டுக்குள் இருந்து, அந்த வீட்டு ஆட்கள் சுற்றி நிற்கப் போனைத் திறப்பது வேறு வேலை. அதில் நான் விட்ட பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஸ்கந்தபுரத்தில் நடந்தது.

அந்த வீட்டில் மூன்று பேர். வயல் செய்கிற அண்ணர், அவருடைய மனைவியான அக்கா, மகள் மதுசா. அண்ணர் மழை வருமா என்று பார்க்க மகளின் போனை வாங்கிக்கொண்டு வயலுக்குப் போயிருக்கிறார். பார்த்துவிட்டு உழவு இயந்திரத்தின் மட்காட்டில் வைத்திருக்கிறார். பிறகு அதை மறந்து இயந்திரத்தை எடுத்திருக்கிறார். போன் சேற்றில் விழுந்திருந்தால் தப்பியிருக்கும். வரப்பில் விழுந்திருந்தாலும் தப்பியிருக்கும். மண்வெட்டியின் மேல் விழுந்தது.

மதுசா பல்கலைக்கழகம் முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருந்த பிள்ளை. அனுப்பிய விண்ணப்பங்களில் ஒன்றுக்குத்தான் பதில் வந்திருந்தது. கொழும்பில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு நிறுவனம் கிளிநொச்சிக் கிளைக்கு ஆள் எடுக்கிறது. வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குப் போனில் நேர்முகம். அழைப்பை எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவோம் என்று எழுதியிருந்தார்கள். நான் ஓடர் பண்ணிய டிஸ்பிளே புதன்கிழமை இரவு பஸ்ஸில்தான் வந்து சேர்ந்தது. வியாழன் காலை பத்து மணிக்கு நான் அவர்கள் வீட்டு மேசையில் இருந்தேன்.

"தங்கச்சி, இது சரிவராட்டி இந்த மனுசனை மண்வெட்டியோட சேர்த்து விக்கப்போறன்," என்றார் அக்கா என்னிடம்.

"மண்வெட்டிக்கு ஆள் வருவினம். எனக்கு வரமாட்டினம்," என்றார் அண்ணர் வாசலில் நின்று.

மதுசா சிரிக்கவில்லை. ஒரு கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அதில் எழுதிய பதில்களைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. மதுசா தன் சிநேகிதிக்குக் கோல் எடுத்துப் பார்த்தாள். குரல் தெளிவு. காதில் வைத்தபோது திரை அணைந்தது, எடுத்தபோது எரிந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். காதுக்குச் சத்தம் வருகிற அந்த மெல்லிய நீக்கலுக்குள், கீறல் போன்ற அந்த இடைவெளிக்குள், ஒரு சின்னக் கண் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். காது கிட்ட வந்தால் அது திரையை அணைக்கும். அந்தக் கண்ணை ஏதாவது மறைத்தால், காது கிட்ட இருப்பதாக நினைத்து எந்நேரமும் அணைத்தே வைத்திருக்கும். டிஸ்பிளே மாற்றும்போது நாங்கள் விடுகிற பிழைகளில் பாதி அங்கேதான். உள்ளே இருக்கும் ரப்பர் ஒரு மயிரிழை விலகினாலும் போதும்.

"கை கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்," என்றார் அக்கா. வேலைக்கு வந்த ஆளைச் சாப்பிடாமல் அனுப்புகிற வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. நான் போனை மதுசாவின் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். உங்களுக்கு ஒரு எச்சரிக்கை: தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டால் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு விழுந்துகொண்டே இருக்கும். "போதும்" என்ற சொல் என் வாய்க்கு வருவதற்குள் மூன்றாவது கரண்டியும் விழுந்துவிட்டது.

பன்னிரண்டேகாலுக்கு மதுசா போனோடு வந்தாள்.

"அன்ரி, கோல் எடுத்தவுடனை இருட்டாப் போகுது. காதில இருந்து எடுத்தாலும் எரியுதில்லை. சிநேகிதியின்ர குரலும் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரிக் கிடக்கு."

 ரப்பர்தான் என்று உடனே முடிவு எடுத்தேன். என் பிழைதான் என்றும் முடிவு எடுத்தேன். இங்கேதான் நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். "என்ர கையில இருந்து வாங்கின பிறகு இதை என்ன செய்தனீங்கள்?" ஒரே ஒரு கேள்வி. ஆனால் அப்படிக் கேட்டால், நாங்கள் பழுதாக்கினோம் என்று சொல்கிறாளோ என்று அவர்கள் நினைப்பார்களே என்ற கூச்சம். கேள்வியை விழுங்கிவிட்டுப் போனைத் திறந்தேன்.

ரப்பர் இருந்த இடத்தில் இருந்தது. எடுத்துத் திரும்ப வைத்தேன். மூடி முடிந்ததும் அந்த நீக்கலை ஒரு பிரஷ்ஷால் நன்றாகத் தட்டிவிடுவது என் வழக்கம். முல்லைத்தீவில் போன் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணரிடம்தான் நான் வேலை பழகினேன், நானா என்று கூப்பிடுவேன், அவர் பழக்கிய பழக்கம் அது. பிரஷ்ஷில் மஞ்சளாக ஏதோ தூள் ஒட்டியது. பழைய பசை என்று நினைத்தேன். மதுசா சிநேகிதிக்கு எடுத்தாள். திரை சரி, குரல் சரி.

"கொண்டா பிள்ளை," என்று அக்கா போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சார்ஜில் போடப் போகிறார் என்று நினைத்தேன். எனக்குத் தேத்தண்ணி வந்தது.

ஒரு மணிக்குப் போன் திரும்பி வந்தது.

"அன்ரி, முந்தினதைவிட மோசம்," என்றாள் மதுசா. 

திறந்தேன். ஒரு பிழையும் இல்லை. மூடினேன். பிரஷ்ஷால் தட்டினேன். என் கையில் வைத்து எடுத்துப் பார்த்தேன். அருமையாக வேலை செய்தது. அக்கா வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஒன்று முப்பத்தைந்துக்கு மதுசா திரும்ப வந்து நின்றாள்.  போனை மேசையில் வைத்துவிட்டுக் கொப்பியை மூடினாள்.

"தங்கச்சியின்ர கையில எண்டால் சொல்லுக் கேக்குது," என்றார் அண்ணர். "எங்கட சிவத்தப் பசுவும் உப்பிடித்தான். நான் போனால் உதைக்கும். வெளியில இருந்து ஆர் வந்தாலும் நல்ல பிள்ளை மாதிரி நிண்டு கறக்க விடும்."

"நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ," என்றார் அக்கா. "ரெண்டு வருசமாப் பிள்ளை பாத்துக்கொண்டிருந்த கோல். இன்னும் அரை மணித்தியாலம்கூட இல்லை."

நான் கை கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய், வாழைக்குப் பின்னால் ஒளித்து நின்று நானாவுக்கு எடுத்தேன்.

"நானா, ஒரு டிஸ்பிளேயை மாத்திப்போட்டு மூண்டாம் தரமும் திறக்கப்போறன். என்ர கையில வேலை செய்யுது. அவையின்ர கையில செய்யுதில்லை."

"இப்ப எத்தினை மணி?"

"ஒண்டே முக்கால்."

"ஏன் அழுறீங்க?"

"அந்தப் பிள்ளைக்கு ரெண்டு மணிக்கு நேர்முகம். கோல் வரப்போகுது."

"நீங்க இப்ப என்னோட எதில கதைக்கிறீங்க?"

"போனில."

"அது வேலை செய்யுதோ?"

"ஓம்."

"அப்ப ஏன் என்னோட கதைச்சுக்கொண்டு நிக்கிறீங்க?" என்று அவரே வைத்துவிட்டார்.

உங்களுக்கு இது முதலே தோன்றியிருக்கும். சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட்டால் முடிந்தது. அண்ணரிடம் இருந்தது பொத்தான் போன். அதற்குள் மதுசாவின் சின்ன சிம் பிடிக்காது. ஆனால் என் பையில் நல்ல போன் ஒன்று இருந்தது. மூன்றே முக்கால் மணித்தியாலமாக அதை நான் வெளியே எடுக்காததற்கு ஒரு காரணமும் இருந்தது.

என் போனின் கண்ணாடி ஏழு மாதமாக உடைந்திருந்தது. மூலைக்கு மூலை வெடிப்பு. நடுவில் சிலந்தி வலை. துண்டுகள் விழாமல் இருக்கச் செலோரேப் ஒட்டியிருந்தேன். ஊருக்கெல்லாம் மாற்றிக்கொண்டு திரிந்ததில் எனக்கு மாற்ற நேரம் கிடைக்கவில்லை. வேலைக்குப் போன வீடுகளில் அதைப் பையை விட்டு எடுக்கவே மாட்டேன். மணி பார்க்கவும் சுவரைத்தான் பார்ப்பேன். வாழைக்குப் பின்னால் போய் ஒளித்ததும் அதற்காகத்தான்.

வாழையடியில் நின்று யோசித்தேன். போன் திருத்துகிறவள் என்ற பெயர் அந்த ஊரில் எனக்கு இருந்தது. அந்தப் போனை மேசையில் வைத்தால் அந்தப் பெயர் போய்விடும். வைக்காவிட்டால் அந்தப் பிள்ளையின் வேலை போய்விடும். இதற்கெல்லாம் யோசிக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் யோசித்தேன். இரண்டு நிமிடம் யோசித்தேன்.

உள்ளே வந்தபோது அக்கா ஒரு குவளையோடு நின்றார்.

"ஓமத்தண்ணி. குடியுங்கோ. காலமையில இருந்து மூண்டு தரம் கிணத்தடிக்குப் போட்டீங்கள். வயித்துக்கு ஒத்துக்கொள்ளேல்லைப் போல."

இல்லை என்று விளங்கப்படுத்த நேரமில்லை. குடித்தேன். பிறகு பையைத் திறந்து என் போனை மேசையில் வைத்தேன்.

"பிள்ளை, உங்கட சிம்மைக் கழட்டித் தாங்கோ. இதில போடுவம்."

மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்தார்கள். அண்ணர் கதிரையை விட்டு எழும்பி வந்து குனிந்து பார்த்தார்.

"தங்கச்சி," என்றார் மெதுவாக, "இது எந்த மண்வெட்டி?"

மதுசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு முகம் எரிந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்போடு அவள் மூடி வைத்த கொப்பியைத் திரும்பத் திறந்தாள்.

இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு அழைப்பு வந்தது. மதுசா செலோரேப்பில் காது படாமல் பிடித்துக்கொண்டு கதைத்தாள். நாங்கள் மூச்சையும் அளந்து விட்டோம். முதல் இரண்டு கேள்விகள் நன்றாகப் போயின. அப்போது ஒழுங்கையின் மூலையில், வீடு வீடாகப் பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. வர வரச் சத்தம் கூடியது. அண்ணர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பும் போடாமல், இரண்டு கையையும் விசுக்கிக்கொண்டு ஓடினார். பாண்காரர், இவ்வளவு பசியில் ஒரு மனிதரா என்று நினைத்திருக்க வேண்டும், பாட்டோடேயே வேகமாகக் கிட்ட வந்து நிறுத்தினார். பாட்டை நிறுத்துவதற்காக அண்ணர் பாணும் பணிசுமாக ஒரு சுமை வாங்க வேண்டி வந்தது. அவற்றைக் கட்டி அணைத்துக்கொண்டு வாசல் படலையில் நின்று, உள்ளே வரலாமா என்று எங்களிடம் கண்ணால் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. மதுசா திருப்பிச் சொன்னதால் எங்களுக்கும் விளங்கியது. அவசரமான நேரத்தில் ஒரு வேலை பிழைத்துப்போனால் என்ன செய்வீர்கள்?

கொப்பியில் அதற்குப் பதில் இல்லை. அவள் மேசையைப் பார்த்தாள். சிம் கழற்றிக் கிடந்த தன் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கையில இருக்கிறதை வைச்சு முதல்ல, வந்த ஆளின்ர அலுவலை முடிச்சுக் குடுப்பன்," என்றாள். "அது வடிவில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை. பிழையைப் பிறகு இருந்து தேடுவன்."

பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது. ஒரு கிழமைக்குள் சொல்வார்களாம். கேட்க நினைத்த ஒன்றைக் கேட்க மறந்துவிட்டாள். வேலை எத்தனை மணிக்கு முடியும் என்பது.

"எடி, கடைசி பஸ் ஆறு மணிக்கு," என்றார் அக்கா. "அதைக் கேக்காமல் வேறை என்னத்தைக் கேட்டனீ?" ஏசிக்கொண்டே உள்ளே போனவர் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தார். "இருந்தாலும், இந்த உடைஞ்ச போன்தான் எங்களைக் காப்பாத்தினது." கிண்ணத்துக்குள் விரலைத் தோய்த்து, என் போனைத் தூக்கி, மேலே இருந்த அந்த நீக்கலுக்கு நேரே விரலைக் கொண்டுபோனார். விரல் முழுக்கக் குழைத்த சந்தனம்.

"அக்கா," என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. "மற்றப் போனுக்கும் இதே இடத்திலயோ வைச்சனீங்கள்?"

"வேறை எங்க வைக்கிறது? நெத்தி அதுதானே. புதுச் சாமானைச் சந்தனம் வைக்காமல் பாவிக்கிறதோ?" என்றார் அக்கா. "கண்ணாடி ஊத்தையாப் போகுமெண்டு அந்த நீக்கலுக்குள்ள மட்டும் வடிவா அமத்திப் பூசிப்போட்டு, மிச்சத்தைத் துடைச்சுத்தான் தந்தனான். முதல் தரம் கொஞ்சம்தான் வைச்சன். பழுதாப்போச்சு எண்டவுடனை, காணாதாக்கும் எண்டு ரெண்டாம் தரம் கொஞ்சம் கூட வைச்சன். மூண்டாம் தரம்..." என்று சொல்லிக்கொண்டு வந்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

பாண் சுமையோடு நின்ற அண்ணரின் முகம் மலர்ந்தது. "நான் ஒருக்காத்தான் பழுதாக்கினனான்," என்றார். அதை அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

என் பிரஷ்ஷில் ஒட்டிய மஞ்சள் அதுதான். நான் மூடும்போதெல்லாம் தட்டினேன், வேலை செய்தது. அக்கா உள்ளே கொண்டுபோய்ப் பூசினார், நின்றது. இரண்டு தரம் நான் திரும்பத் திறந்த போனைத் திறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. என் வாயைத்தான் திறந்திருக்க வேண்டும். பழுது திரும்பி வந்தால் ஸ்குரூவில் கை வைக்க முதல் ஆட்களைக் கேளுங்கள். கோபிக்க மாட்டார்கள். கேட்டதற்கு மேலும் சொல்லுவார்கள். சந்தனம் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், ஒருவரும் கேட்கமாட்டார்கள். பின் மூடியில் வையுங்கோ என்று சொல்லுங்கள்.

மதுசாவின் போனின் நீக்கலை நன்றாகச் சுத்தம் செய்து, அதில் இணையத்துக்கென்று இருந்த இரண்டாவது சிம்முக்கு அண்ணரின் போனில் இருந்து எடுத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று உறுதியாக்கிக்கொண்டு புறப்பட்டேன். பாதிப் பாணும் என் ஸ்கூட்டியில் ஏறியது. எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றோம். அந்தச் சிரிப்பில் ஒரு வேலையை மறந்துவிட்டேன்.

பிரதான வீதிக்கு ஏற முதல் பைக்குள் போன் அடித்தது. வயல் ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"வணக்கம். மதுசாதானே பேசுறது?"

அப்போதுதான் விளங்கியது. அவளுடைய சிம் இன்னும் என் போனுக்குள் இருந்தது. இல்லை, நான் போன் திருத்துகிறவள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவோம் என்று அவர்கள் எழுதியிருந்தது என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"ஓம்," என்றேன். இதை நீங்கள் பழக வேண்டாம்.

"ஒரு கிழமை எண்டு சொன்னோம். ஆனா எங்களுக்கு உங்களுடைய பதில் நல்லாப் பிடிச்சிருந்தது. முதலாம் திகதி வேலையில சேர முடியுமா?"

என் வாழ்க்கையில் என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. "ஓம்," என்றேன்.

"ஏதாவது கேட்க விரும்புறீங்களா?"

எனக்கு எப்போதும் ஒன்றும் இல்லை. எந்த வீட்டிலும், யாரிடமும். ஆனால் அக்கா ஏசிய ஏச்சு காதுக்குள் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "வேலை எத்தினை மணிக்கு முடியும்? எங்கட பக்கம் கடைசி பஸ் ஆறு மணிக்கு."

"ஐந்து மணிக்கு விட்டுடுவம்."

"அப்ப சரி."

"உங்களுடைய குரல் கொஞ்சம் மாறியிருக்கே?"

"சந்தோசத்தில," என்றேன். அது பொய் இல்லை.

ஸ்கூட்டியைத் திருப்பினேன். படலையில் மூன்று பேரும் இன்னும் நின்றார்கள். எனக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து அக்கா ஓடி வந்தார்.

"மதுசா," என்றேன், "முதலாம் திகதி வேலைக்குப் போக வேணுமாம். ஐஞ்சு மணிக்கு விடுவினம்."

"ஆர் அன்ரி சொன்னது?"

"அவைதான். இப்ப எடுத்தவை. சிம் என்னட்டைக் கிடந்திட்டுது. மதுசாவோ எண்டு கேட்டினம்." தலையைக் குனிந்துகொண்டேன். "நான் ஓம் எண்டிட்டன்."

 பிறகு அக்கா மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். மதுசா அழுதுகொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

அண்ணர் மட்டும் யோசித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப முதலாம் திகதி," என்றார், "ரெண்டு பேரில ஆர் போறியள்?"